எண்ணிக்கை: ஒன்று

பணகுடிக் காற்றாலைக்காரர் ஜெபராசன்
நசுங்கிய மூடி ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்.
பாதி இருந்தது.
"செஞ்ச கம்பெனிய மூடிப் பதினாறு வருசம்.
ஆனி பொறக்கதுக்குள்ள வேணும். ஒண்ணே ஒண்ணு."

கோயம்புத்தூரில் விசாரித்திருக்கிறார்.
அச்சுக்கு மூன்றரை லட்சம்,
பிறகு மூடிக்கு எண்ணூறு ரூபாய்,
ஐயாயிரம் எடுத்தால் கட்டுப்படியாகும் என்றார்களாம்.
"எங்கிட்ட இருக்கது ஒத்தக் காத்தாடி வே."

பேட்டையில் எங்கள் கொட்டகையில் அச்சு கிடையாது.
தகட்டின் நான்கு ஓரத்தையும் சட்டத்தில் இறுக்குவோம்.
கீழே வெறும் வெளி.
மேலே சுண்டைக்காய் அளவில் உருண்டை முனை.
எண்ணெய் தடவிவிட்டு நான் பச்சைப் பொத்தானை அமுக்குவேன்.

ஒரு சுற்று, அரை மில்லி இறக்கம்.
இன்னொரு சுற்று, இன்னும் அரை.
நூறு டன் பிரஸ் ஒரே அதட்டில் முடிப்பதை
இது முணுமுணுத்து முணுமுணுத்துச்
சம்மதிக்க வைக்கும்.
இருநூற்று இருபது சுற்று.
நடுவில் நான் சோறு உண்டேன்,
செங்கோட்டை வண்டி கூவிப் போனது,
மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு போனிலேயே கேட்டேன்.

நூற்றெண்பதாவது சுற்றில்
டப்பென்று ஒரு சத்தம்.
பெரிதாக ஒன்றுமில்லை, பால் கவரைப் பல்லால் கடித்த மாதிரி.
மூடியின் இடுப்பில் பிறை வடிவக் கிழிசல்.

முனை தேய்ந்திருக்கிறது என்றேன்.
எண்ணெய் போதாது என்றான் ராத்திரிப் பையன் மாசானம்.
முதலாளி மசூது மேலப்பாளையத்திலிருந்து
லுங்கியோடு வந்து சேர்ந்தார்.
யாரையும் வையவில்லை.
கிழிந்த ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்தார்.
ஒன்று புள்ளி இரண்டு மில்லித் தகடு
புள்ளி நான்குக்குக் கீழே போயிருந்தது.
"எழுபத்தோரு டிகிரி, கோமு. எங்கிட்டிருந்து வரும் சதை?"

சரிவு ஏற ஏறத் தகடு மெலியும்.
நட்டமாய் நிற்கும் சுவருக்கு
மிஞ்சும் கனம் பூச்சியம் என்கிறது கணக்கு.
அப்படி ஒரு சுவரை இந்த முனை
ஒரே மூச்சில் கட்டவே முடியாது.
படம் வரைந்தவருக்கு இது தெரியாது.
அவர் அச்சை நினைத்து வரைந்தவர்.

இரண்டாம் தகடு.
முதலில் நாற்பத்தைந்து டிகிரியில் அகலக் கிண்ணம்.
தொடாமல் கிடந்த தரையிலிருந்தும் சதையை இழுத்து
அப்புறம் மெல்ல மெல்ல எழுபத்தொன்று.
விடிய நாலரை. கிழியவில்லை.
மாசானம் விசிலடித்தான்.
சட்டத்தை அவிழ்த்தேன்.
பிடி விட்டதும் மூடி ஒரு பெருமூச்சு விட்டு
ஒன்றரை மில்லி விரிந்துகொண்டது.
எட்டுப் போல்ட்டில் மூன்று உட்காரவில்லை.

மூன்றாவதற்கு
வேண்டிய வடிவத்தை நான் எழுதவில்லை.
ஒன்றரை மில்லி கூடுதலாக,
வேண்டாத வடிவம் ஒன்றை எழுதினேன்.
சரியான படத்துக்குத் தப்பான மூடி வந்தது,
தப்பான படத்துக்குச் சரியான மூடி.
இதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை;
வீட்டில் காசு கேட்கும்போது மட்டும்
கொஞ்சம் பழகியிருக்கிறேன்.

எட்டு போல்ட்டும் உட்கார்ந்தன.
வெளிப்பக்கம் பளபளப்பு.
உள்ளே சுற்றுச் சுற்றாய் நுண்வரிகள்,
கைரேகை போல. யாருடைய கையும் இல்லை.
தேய்த்துத் தரட்டுமா என்றதற்கு
"அங்கன ஏறிப் பாக்கப் போறது யாரு" என்றார் ஜெபராசன்.

பில்லில் எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
கெட்டுப்போன இரண்டும் கணக்கில் இல்லை.
பிறைக் கிழிசல்காரி வாசல் பைப்படியில் கிடக்கிறாள்,
கிழிசல் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது,
வாட்ச்மேனின் நாய் குடிக்கிறது.

மூடி நாகர்கோவில் பஸ்ஸில் போனது,
ஜெபராசன் மடியில், பெட்ஷீட் போர்த்தி.
அண்டாவா என்று கேட்ட கண்டக்டர்
நம்பாமல் லக்கேஜ் போட்டாராம்.
அந்த இருபது ரூபாயையும் பில்லில் கழிக்கச் சொல்லி
வள்ளியூரிலிருந்தே போன்.